தாய்மாமன் கட்டிய சிவப்பு பிக்கப்

ராஜபாளையம்,
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து சாப்பாட்டுக்கு முன்.

சகல நன்மைகளும் பெற்று, பெங்களூரில் ஏ.சி. அறையில் உத்தியோகம் பார்க்கும் அன்பு மருமகள் செல்வி ஜூடிக்கு (செல்வி என்று எழுதுவது இதுவே கடைசியாக இருக்கும்), உன் அம்மாவின் ஒரே தம்பியும், மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவனும், இந்த வட்டாரத்திலேயே தன் கையால் கார் கட்டிய முதல் மனிதனுமாகிய உன் தாய்மாமன் தேவஇரக்கம் எழுதிக்கொள்வது. தேவ கிருபையால் இங்கே நான் சுகம், உன் அத்தை இன்பம் சுகம், வண்டியும் சுகம். உன் சுகத்துக்கு எழுதவும். எழுத நேரமில்லை என்றால் போனையாவது எடுக்கவும்.

இந்தக் காலத்தில் யார் கடுதாசி எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். வேறு வழி? வண்டி ஓடுகிற வீடியோவை உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீலக் குறி இரண்டும் வந்தது. பதில் வரவில்லை. ஒன்பதாவதோடு நின்றவன் என்றாலும் நீலக் குறிக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். கூப்பிட்டால் எடுக்காமல் "மாமா, மீட்டிங்ல இருக்கேன்" என்று மெசேஜ் போடுகிறாய். ஞாயிற்றுக்கிழமையும் மீட்டிங் வைக்கிற கம்பெனி உருப்படுமா? கடிதத்தில் ஒரு வசதி இருக்கிறது, மருமகளே. நடுவில் புகுந்து யாரும் கேள்வி கேட்க முடியாது. உன் அத்தை கூட.

விஷயம் இதுதான். கல்யாணத்தன்று நீ என் வண்டியில் ஏறி சர்ச்சுக்கு வருவாயா, இல்லை உன் மாமனார் பொன்னுராஜ் புதிதாக வாங்கியிருக்கும் அந்த வெள்ளைக் காரில் ஏறுவாயா? பெண்ணைத் தாய்மாமன் கூட்டி வருவது நம் வீட்டு முறை. அதை நான் சொல்லிக்காட்ட மாட்டேன். நீ முடிவு செய்யும் முன் வண்டியைப் பற்றி உலவும் பொய்களையெல்லாம் தள்ளிவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். என் பேச்சில் கூட்டலும் இருக்காது, குறைத்தலும் இருக்காது என்பது உனக்கே தெரியும்.

இதற்கெல்லாம் காரணம் நீதான். உன் நிச்சயத்துக்கு வந்தபோது போனில் ஒரு அமெரிக்க வண்டியைக் காட்டினாயே, ஞாபகம் இருக்கிறதா? பழைய பிக்கப். சிவப்பு நிறம். பானட்டே இல்லாமல் இன்ஜின் திறந்த மார்போடு நின்றது. தரையோடு தரையாகப் பதுங்கி, வேட்டைக்குக் கிளம்பிய நாய் மாதிரி இருந்தது. ஹாட் ராடு என்று பேர் சொன்னாய். "இதுல போய்க் கல்யாணத்துக்கு எறங்குனா எப்டி இருக்கும் மாமா!" என்றாய். இப்போது கேட்டால் சும்மா சொன்னேன் என்பாய். தாய்மாமனிடம் யாரும் எதையும் சும்மா சொல்லக் கூடாது.

மறுநாளே பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். அங்கே பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் சேக் முகைதீன் பாய் என் கூட்டாளி. கார் கட்டப் போகிறோம் என்றேன். ஏன், எதற்கு என்று பாய் கேட்கவில்லை. கடைப் பலகையில் இருந்து இறங்கி, "எந்தப் பக்கத்துல இருந்து ஆரம்பிப்போம் அண்ணாச்சி?" என்றார். அதுதான் மனுஷன். அவர் கடைக் கொல்லையில் கருவேல மரத்தடியில் ஒரு பழைய லாரியின் மூஞ்சி மட்டும் கிடந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் மேஜர் ஒருவர் ஏறிய வண்டி என்றார் பாய். நான் தீர விசாரித்ததில் அவர் மேஜர் இல்லை, ஜெனரல் என்று தெரிந்தது. சேசிஸும் பின் அச்சும் ஒரு ஜீப்பில் இருந்து எடுத்தோம். இன்ஜின், பேண்டேஜ் துணி ஏற்றிக்கொண்டிருந்த டீசல் வேனுடையது. பின்னால் சாமான் வைக்கும் பெட்டி, எங்கள் மில்லில் பஞ்சுப் பொதி தள்ளிய தள்ளுவண்டி. அதில் நான் எத்தனையோ தடவை படுத்துத் தூங்கியிருக்கிறேன், அதனால் உறுதி எனக்குத் தெரியும். மட்கார்டுக்கு வளைந்த தகடு கிடைக்கவில்லை. பாய் யோசித்தார். பால்கோவா கிண்டி ஓட்டை விழுந்த இரும்புச் சட்டிகள் கிடந்தன. இரண்டைப் பாதியாக வெட்டினோம், நாலு சக்கரத்துக்கும் நாலு மட்கார்டு. அளவெடுத்துச் செய்தது போல் உட்கார்ந்தது. அமெரிக்காக்காரனுக்கு இந்த யோசனை வருமா? ஒரே சங்கடம், வண்டி சூடேறினால் லேசாகப் பால் வாசம் வரும், எறும்பும் வரும். பெயிண்டு, மில்லில் தீயணைப்பு வாளிக்கு அடித்து மிச்சம் வந்த சிவப்பு.

அக்கம்பக்கத்துக்கு வேலை இல்லை. எதிர் வீட்டு ராம்கி தினமும் பல் குச்சியோடு வந்து நிற்பான். "மாமா, இது ஓடுமா?" என்பான். "ஓடும்லே. நீ பல்லு வெளக்கி முடிக்கதுக்குள்ள செண்பகத்தோப்பு போயிட்டு வந்துரும்" என்பேன். பக்கத்து வீட்டுக் கருத்தம்மா மட்டும்தான் வண்டியை மதித்தாள். கடக்கும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

எல்லாம் பூட்டி நிறுத்திப் பார்த்தால் வண்டி உன் போன் படம் மாதிரிப் பதுங்கவில்லை. கதிர் அறுக்கிற மெஷின் மாதிரி எழுந்து நின்றது. உன் அத்தை வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"ஏங்க, பட்டுச்சேலை கட்டுன புள்ள இதுல எப்டி ஏறும்? ஏணி வச்சா?"

எனக்குச் சுருக்கென்றது. எல்லாம் யோசித்தவன் உன் சேலையை யோசிக்கவில்லையே! இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தபோது சட்டென்று பிடிபட்டது. பின் அச்சு, குலுக்கலைத் தாங்கும் வில் பட்டைக்குக் கீழே தொங்குகிறது. அதைக் கழற்றித் தலைகீழாகப் புரட்டிப் போட்டால் பட்டைக்கு மேலே ஏறிக்கொள்ளும், வண்டி ஒரு முழம் இறங்கிவிடும். புரட்டினோம். இறங்கியது. நீ சேலை கொசுவத்தைக் கூடப் பிடிக்காமல் ஏறி உட்காரலாம். பாய் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

இங்கேதான் எனக்குப் பிடிக்காதவர்கள் ஒரு சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறார்கள். அச்சின் நடுவில் பல்சக்கரப் பெட்டி ஒன்று உண்டு. இன்ஜின் சுற்றுவதைச் சக்கரத்துக்குக் கடத்துவது அதுதான். அச்சைப் புரட்டினால் அந்தப் பெட்டியும் புரளும், சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும் என்கிறார்கள். இருக்கலாம். மில்லில் இதை யாரும் ஒரு பொருட்டாகவே நினைக்க மாட்டோம். மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் இரண்டு வயரை மாற்றிக் கட்டுவோம், ஒழுங்காகச் சுற்றும். முப்பது வருஷம் அப்படித்தான் பார்த்தேன். எந்தப் பக்கம் சுற்றினாலும் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பது என் ரத்தத்தில் ஊறிப்போனது.

வெள்ளோட்டத்துக்குத் தெருவில் சாமியானா போட்டேன். போதகர் வந்து ஜெபம் பண்ணினார். பாய் தன் பங்குக்குக் கண்ணை மூடி உள்ளுக்குள் ஓதிக்கொண்டார். கருத்தம்மா முன் சக்கரத்துக்கு முன்னால் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தாள். முன்னால் நிற்க எல்லோருக்கும் பயம். அதனால் கூட்டம் மொத்தமும் வண்டிக்குப் பின்னால், சாமியானாவுக்குள், காப்பி டிரம்மைச் சுற்றி நின்றது. நான் ஏறி உட்கார்ந்தேன். ஃபர்ஸ்ட் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டேன்.

எலுமிச்சம்பழம் என்னை விட்டு விலகிப் போனது.

ராம்கிக்குப் பதற்றத்தில் வீட்டுத் தெலுங்கு வந்துவிட்டது. "வெனக்கி போதுந்தி மாமா, வெனக்கி போதுந்தி!" என்று கத்தினான். பின்னால் போகிறதாம். எனக்குத் தெரியாதா? பின்னால் போகும் வண்டியை நிறுத்த செகண்ட் கியர் போட்டேன். இன்னும் வேகமாகப் பின்னால் போனது. சாமியானா வண்டிமேல் விழுந்தது. காப்பி டிரம் உருண்டு வாய்க்காலுக்குப் போனது. நான் போதகரைத் துரத்தினேன் என்று உன் அம்மா சொல்லியிருப்பாள். சுத்தப் பொய். அவர் ஓடிய பக்கம் வண்டியும் போனது, அவ்வளவுதான். அந்த வயதில் அவர் கருத்தம்மா வீட்டுச் சுவரைத் தாண்டியதை நீ பார்த்திருக்க வேண்டும். கைதட்டல் அவருக்குத்தான் கிடைத்தது. எல்லாம் ஓய்ந்த பிறகு உன் அத்தை வந்து அந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மில் வழக்கப்படி பேட்டரி வயரை மாற்றிக் கட்டினேன். புகை வந்தது. ஹாரன் ஒரு தடவை வீறிட்டு ஒரேயடியாக அடங்கிவிட்டது. வண்டி தன் குணத்தை மாற்றவில்லை. "அண்ணாச்சி, ரிவர்ஸ் கியரப் போட்டுப் பாப்பமா?" என்றார் பாய். போட்டேன். முன்னால் போனது! ஆக, நம் வண்டிக்கு முன்னால் போக ஒரு கியர், பின்னால் போக நாலு கியர். முன்னால் போனால் நம்ம ஊர்த் தேர் மாதிரி அசைந்து அசைந்து போகும். பின்னால் போனால் பிடிக்க முடியாது. இப்படி ஒரு வண்டி ஜப்பானில் கூடக் கிடையாது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

சம்பந்தி வீட்டில் காட்ட வேண்டுமே என்று ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினோம். முன்னால் போனால் மறுநாள்தான் போய்ச் சேர முடியும். அதனால் பின்னாலேயே போனோம். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கழுத்தை முழுசாகத் திருப்பியிருந்தேன். பாய் பெட்டியில் நின்றுகொண்டு, போகும் திசையைப் பார்த்து, "லெப்டு, ரைட்டு" என்று குரல் கொடுத்தார். அவருக்கு லெப்டு என்றால் எனக்கு ரைட்டு. இது புரிவதற்குள் இரண்டு வைக்கோல் படப்பும் ஒரு பேனரும் சேதம். பாதி வழியில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார்.

"யோவ் பெருசு, வண்டி வருதா, போகுதா?"

"வருது சார்."

"பொறவு மூஞ்சி ஏன் அங்கிட்டு இருக்கு?"

"திரும்பிப் போறப்ப சரியாயிரும் சார்" என்றார் பாய், பெட்டியில் இருந்து.

போலீஸ்காரர் வண்டியைச் சுற்றி வந்தார். இது வெள்ளைக்காரக் கவர்னர் ஏறிய வண்டி என்று விளக்கினேன். "அவரு இப்டித்தான் போனாரா?" என்று கேட்டார். நம்பர் எங்கே, பேப்பர் எங்கே என்றார். கடைசியில், "இனி மெயின் ரோட்டுல பாத்தேன், வண்டியோட சேத்து ஒங்க ரெண்டு பேரையும் ஸ்டேஷன் வாசல்ல நிப்பாட்டிருவேன்" என்று சொல்லிவிட்டு, வண்டியோடு நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு அனுப்பினார்.

சம்பந்தி வீட்டு வாசலில் போய் நிறுத்தினோம். சத்தம் கேட்டு அவிய குடும்பத்தோடு வெளியே வந்தார்கள். வண்டி மூஞ்சி, வந்த வழியைப் பார்த்து நிற்கிறது.

"என்ன சம்பந்தி, வந்ததே தெரியல, அதுக்குள்ள கெளம்பிட்டிய? ஒரு வா காப்பி குடிச்சிட்டுப் போகக் கூடாதா?" என்றார் உன் மாமனார். உன் மாமியார் உள்ளே ஓடிப் போய்ப் பால்கோவா பொட்டலத்தோடு வந்து பாய் கையில் திணித்தார். எல்லோரும் கையசைத்து விடை கொடுத்தார்கள். இவ்வளவு மரியாதையாக வழியனுப்புகிறவர்களிடம் இப்போதுதான் வந்தோம் என்று எப்படிச் சொல்வது? நாங்களும் கையசைத்துவிட்டு, தேர் வேகத்தில் தெருமுனை வரை போனோம். அவர்கள் உள்ளே போகவே இல்லை, அசைத்துக்கொண்டே நின்றார்கள். வேறு வழியில்லாமல் பின்னாலேயே மறுபடி வாசலுக்கு வந்தோம். "எதையும் மறந்து வச்சிட்டியளா?" என்றார் உன் மாமனார்.

பிறகு உள்ளே போய்க் காப்பி குடித்தோம். வைஸ்ராய் ஏறிய வண்டி என்று எடுத்துச் சொன்னேன். உன் மாமனார் நல்ல மனிதர்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஜூடி நம்ம வெள்ளக் கார்லயே வந்துரட்டும் சம்பந்தி. இத நாம மண்டபத்து வாசல்ல அழகுக்கு நிப்பாட்டுவோம்" என்றார். பாய் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

உன் மாப்பிள்ளை ரோஷன் இருக்கிறாரே, கிருஷ்ணன்கோவில் காலேஜில் மெக்கானிக்கல் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவர், அவர் மட்டும் வெளியே வந்து குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். செத்த நேரம் பார்த்தார். எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டார். "என்ன மாப்ள?" என்றேன். "ஒண்ணுமில்ல மாமா" என்றார். ஒன்றுமில்லை என்று சொன்ன வாய் உன்னிடம் என்ன சொன்னதோ, மறுநாளில் இருந்துதான் நீ போனை எடுக்கவில்லை. வண்டியைப் பாயின் லாரியில் ஏற்றிக் கட்டி ஊருக்குக் கொண்டுவந்தோம். என் கழுத்து இன்னும் இடது பக்கம்தான் பார்க்கிறது. இன்று சர்ச்சில் பிரசங்கம் முழுக்கப் பக்கத்துப் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே இருந்த அம்மாள் இடம் மாறி உட்கார்ந்துவிட்டது.

இப்போது நான் கேட்பதைக் கேள். மெயின் ரோடு வேண்டாம். ராஜபாளையத்தில் இருந்து ஊர்வலம் வேண்டாம். பாயின் லாரியில் வண்டியைக் கொண்டுபோய் சர்ச் இருக்கும் தெருமுனையில் இறக்கி வைத்துவிடுகிறோம். முனை வரை நீ எந்தக் காரில் வேண்டுமானாலும் வா. முனையில் இறங்கி, என் பக்கத்தில் ஏறி உட்கார். அங்கிருந்து சர்ச் வாசல் வரை, அந்த ஒரே ஒரு முன்கியரில், மெதுவாகக் கூட்டிப்போகிறேன். வேகமாகப் போகிற காரில் பொண்ணை யார் பார்க்க முடியும்? தெருவே நின்று நிதானமாகப் பார்க்கட்டும். எனக்கு இப்போது ரிவர்ஸ் போட்டால் முன்னால், ஃபர்ஸ்ட் போட்டால் பின்னால் என்பது தூக்கத்தில் கூடத் தவறாது. கை தானாகப் போகிறது. பயப்படாதே.

ஹாரன் போய்விட்டது என்றேனே, அதற்குப் பதில் ஒரு சைக்கிள் பெல்லை மாட்டியிருக்கிறேன். புதுசு இல்லை. எல்.கே.ஜி.யில் இருந்து உன்னை முன்பாரில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போன சைக்கிளின் பெல். தெருவில் ஆள் இல்லாவிட்டாலும் அடித்துக்கொண்டே வருவாயே, அதே பெல்தான். அதை உன் கை எட்டும் பக்கமாகத்தான் வைத்திருக்கிறேன். உன்னை வற்புறுத்துவதற்காக எழுதவில்லை. ஒரு தகவலுக்கு.

உன் அத்தை சாப்பிடக் கூப்பிடுகிறாள். நீ போகிற வழியெல்லாம் பச்சை விளக்கு எரியவும், உன் வீட்டு அடுப்பில் பால் பொங்கினாலும் வழியாமல் நிற்கவும், உன் வாழ்க்கைக்கு எல்லாக் கியரும் முன்னாலேயே போகவும் வாழ்த்தும்,

உன் அன்புத் தாய்மாமன்,
ச. தேவஇரக்கம்,
மில் ஃபிட்டர் (ஓய்வு), கார் கட்டுநர்.

பி.கு.: நேற்று ஞாயிறு, கூரியர் கடை லீவு. கடிதம் மேஜையிலேயே கிடந்தது. இன்று திங்கள் சாயங்காலம். மேலே எழுதியதில் சில திருத்தங்கள் உண்டு.

காலையில் உன் அத்தை, சேலை எடுக்க வாங்க என்று என்னைக் கூட்டிப்போனாள். கல்யாணமான நாளில் இருந்து சேலைக் கடைக்கு என்னை அவள் கூப்பிட்டதே இல்லை. அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். திரும்பி வந்தால் வண்டிக்கு அடியில் இரண்டு ஜோடி கால்கள். ஒன்று பாயுடையது, ஒன்று மாப்பிள்ளையுடையது. அச்சை நேராகப் புரட்டி, வில் பட்டை உட்காரும் இடத்தை மட்டும் மாற்றிப் பற்றவைத்து, வண்டி ஒரு விரற்கடை கூட உயராமல் செய்துவிட்டார்கள். இந்த யோசனை எனக்கும் வந்ததுதான், நேரம்தான் கிடைக்கவில்லை.

"மாமா, வண்டிய இம்ப்ரூவ் பண்ணிருக்கோம்" என்றார் மாப்பிள்ளை. பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "ஜூடிதான் அனுப்புனா. தப்புன்னு மட்டும் மாமா கிட்ட சொல்லிராதீங்க, இம்ப்ரூவ்னு சொல்லுங்கன்னா. ஒங்ககிட்ட பேசுனா ஒளறிருவோம்னுதான் போனையே எடுக்கல. வெள்ளக் கார் வேண்டாம்னு எங்கப்பா கிட்டயும் அவளே பேசிட்டா" என்றார்.

எனக்குக் கண்ணில் துரு விழுந்துவிட்டது. பழைய இரும்பு வேலையில் அது சகஜம்.

அந்தச் சந்தோஷத்தில் உடனே ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று ஏறி உட்கார்ந்தேன். கருத்தம்மா ஓடி வந்து முன் சக்கரத்துக்கு முன்னால் பழத்தை வைத்தாள். முன்னால் போக வேண்டும், இல்லையா? கை தானாகப் போய் ரிவர்ஸைப் போட்டுவிட்டது. மாப்பிள்ளை தன் அப்பாவின் வெள்ளைக் காரில்தான் வந்திருந்தார். அதை நம் வண்டிக்குப் பின்னால்தான் நிறுத்தியிருந்தார்.

யாருக்கும் அடி இல்லை. மகாராணியே ஏறிய நம் வண்டிக்கு ஒரு கீறலும் இல்லை. வெள்ளைக் காரும் நன்றாகத்தான் இருக்கிறது, முன்பக்கம் மட்டும்தான் இல்லை. ஆகவே கல்யாணத்தன்று நீ நம் வண்டியில்தான் வர வேண்டும். மாப்பிள்ளையும் அதில்தான் வருவார். உன் மாமனார் மாமியாருக்குப் பாய் பின்பெட்டியில் இரண்டு நாற்காலி போட்டுக் கட்டுகிறார். மாமனாருக்கு இன்னும் விஷயம் தெரியாது. நீயே போன் போட்டுச் சொல்லிவிடு தாயி. தப்பு என்று சொல்லாதே. இம்ப்ரூவ் பண்ணியிருக்கிறோம் என்று சொல்.

எலுமிச்சம்பழம் இந்த முறையும் நசுங்கவில்லை. நீ வந்து ஏறி உட்கார்ந்த பொறவு வைப்போம் என்று கருத்தம்மா பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறாள்.